இருபத்து மூன்று குறைகள்

அந்தக் கடைத்தெருவில் யாரும் ஒரு பொருளை ‘நல்லா இருக்கு’ என்று சொல்லி வாங்கியதில்லை. உடையவர் காதுபட ஒரு நல்ல வார்த்தை சொன்னால் விலை ஏறிவிடும் என்ற பயம் அங்கே நடக்கப் பழகும் வயதிலேயே வந்துவிடும். துணியை விரித்தால் சாயம் போகும் என்பார்கள். குடத்தைத் தட்டினால் சத்தம் சரியில்லை என்பார்கள். பிறந்த குழந்தையைக் கொண்டுவந்து காட்டினாலும் ‘காது கொஞ்சம் பெருசோ?’ என்றுதான் பேச்சை ஆரம்பிப்பார்கள். அப்புறம் ஒரு மணி நேரத்துக்குக் குழந்தையைத் திருப்பித் தரமாட்டார்கள்.

தெரு முடிகிற இடத்தில் தியேட்டர். எழுபது வருஷக் கட்டடம். முகப்பில் சிமெண்டாலேயே ஒரு திரைச்சீலையை மடிப்பு மடிப்பாக வார்த்திருந்தார்கள். மழைக்காலத்தில் அது நனைந்து கறுத்து, யாரோ துவைத்துப் போட்ட மாதிரி இருக்கும். மாடியில், டிக்கெட் கவுண்டருக்கு நேர் மேலே இரண்டு அறை, ஒரு சமையற்கட்டு. ஓர் அறையில் அக்கா. எதிர் அறையில் தம்பியும் அவர் மனைவியும். அக்கா கவுண்டரில் உட்கார்ந்து டிக்கெட் கிழிப்பார். படம் ஓட்டுவது, ஜெனரேட்டரைக் கிளப்புவது, சாக்கடை அடைப்பு எடுப்பது, கூரை ஏறுவது எல்லாம் தம்பி. தெருவுக்கு அவர் ஆபரேட்டர். அக்கா எல்லாருக்கும் அக்கா.

அப்பா வைத்துவிட்டுப் போனது, ஆளுக்குப் பாதி. விற்பதென்றால் இரண்டு கையெழுத்தும் வேண்டும். தம்பி போன மழையில் கூரை ஏணியிலிருந்து விழுந்து முட்டியை உடைத்துக்கொண்டார். படுத்திருந்த இரண்டு மாதத்தில் கிடங்குக்காரர் ஒருவர் வந்து பேசினார். இடித்துவிட்டு மூட்டை அடுக்க ஒரு கிடங்கு கட்ட வேண்டும், நல்ல இடம், நல்ல விலை. தம்பி கையெழுத்துப் போட்டுவிட்டார். அக்கா பேனாவைத் திறந்து, மூடி வைத்தார்.

“ஒரு மாசம் குடு. தெருக்காரங்க ஏதோ மனு குடுத்திருக்காங்க. பழைய கட்டடப் பட்டியல்ல ஏத்திட்டா யாரும் இடிக்க முடியாதாம். அது நடக்கலைன்னா மாசக் கடைசில நானே போய்ப் போட்டுடறேன். வாக்கு.”

அக்கா வாக்கு என்றால் வாக்குதான். இப்போது மாசக் கடைசிக்கு இருபத்தாறு நாள் இருந்தது.

அதிகாரி பார்வையிட வருகிற காலை. தம்பி மனைவி தேநீரை மூன்று டம்ளரில் ஊற்றி மேடையில் வைத்தாள். கீழே தம்பி ஜெனரேட்டரை ஓட்டிப் பார்த்தார். சமையற்கட்டே நடுங்கியது. டம்ளர்கள் மூன்றும் மெல்ல நகர்ந்து விளிம்பை நோக்கிப் புறப்பட்டன. அவள் பார்க்காமலேயே கை நீட்டி மூன்றையும் நிறுத்தினாள்.

“அண்ணி, ஒண்ணு சொல்றேன், கோவிச்சுக்காதீங்க. இந்தத் தியேட்டரோட எனக்கு ஒண்ணும் பகை இல்ல. ஆனா முப்பது வருஷமா இந்த வீட்ல நான் வெச்ச இடத்துல டம்ளர் இருந்ததில்ல.”

“தெரியும்மா.”

“தரையோட தரையா ஒரு வீடு. அவருக்கு முட்டி நோகாம, எனக்கு டம்ளர் ஆடாம. வேற என்ன கேட்டேன்?”

அக்கா ஒரு டம்ளரை எடுத்துக்கொண்டார். கேட்டதில் தப்பில்லையே.

தம்பி படியேறி வந்தார். ஒரு படிக்கு இரண்டு மூச்சு. “அக்கா, அவங்க வர்றப்ப நான் கீழ இருக்கணுமா?”

“உடையவங்க ரெண்டு பேரும் இருக்கணும்னு எழுதியிருக்காங்க.”

“நான் வித்துட்டேன்னு நினைச்சுக்கிட்டிருக்கேன். என்னை நிக்க வெச்சு என்ன ஆகப்போகுது? முப்பது வருஷம் அந்தக் கவுண்டர்ல என்ன கேட்டோம்? ‘அக்கா, ஒழுகுது. அக்கா, கொசு. அக்கா, கத்துறது யாருன்னே தெரியல.’ ஒருத்தன், ஒரே ஒருத்தன், நல்லாயிருந்துச்சுன்னு சொல்லியிருக்கானா?”

“டீயைக் குடிடா, ஆறுது.”

பத்து மணிக்கு அதிகாரி வந்தார். கண்ணாடி போட்ட இளம்பெண், வெளியூர். கையில் அட்டை, அட்டையில் படிவம். அரங்கத்தின் கதவுகளையெல்லாம் திறந்துவிட்டிருந்தார்கள். பகல் வெளிச்சம் உள்ளே வந்ததில் இருக்கைகளுக்குக் கூச்சம் வந்துவிட்டது போலிருந்தது. பகலில் யாரும் அவற்றை அப்படிப் பார்த்ததில்லை. தெருவே வந்து வரிசைகளில் உட்கார்ந்திருந்தது. அக்காவும் தம்பியும் திரைக்கு முன்னால் நின்றார்கள். குற்றவாளிக் கூண்டு மாதிரி ஒரு சின்ன மேடை அங்கே ஏற்கெனவே இருந்தது.

“இந்தத் தியேட்டரைப் பயன்படுத்தறவங்க நீங்க. இதைப் பத்தி உங்க கருத்தைச் சொல்லுங்க, எழுதிக்கறேன். யார் முதல்ல?” என்றார் அதிகாரி.

மெத்தைக்கடைக்காரர் எழுந்தார். மனுவை எழுதி, தெரு முழுக்கக் கையெழுத்து வாங்கியவர் அவர்தான். நேற்று ராத்திரி வீட்டில் கண்ணாடி முன் நின்று பேசிப் பார்த்திருந்தார். தொண்டையைச் செருமினார். எதிரே உடையவர்கள் இரண்டு பேரும் நிற்பதைப் பார்த்தார். வாய் தானாகவே பழைய வழிக்குத் திரும்பியது.

“சீட்டாம்மா இது? ஏழாவது வரிசை, ஓரத்து சீட்டு. ஸ்பிரிங் குத்தும். வலது பக்கமா சாஞ்சு உட்காரணும், இடைவேளைக்கு அப்புறம் இடது பக்கம். தேங்காய் நார் எல்லாம் வெளிய தள்ளிக்கிட்டு இருக்கு.”

அதிகாரி எழுதினார்.

இரும்புக்கடைக்காரர் எழுந்தார். கனத்த ஆள், எழுந்தபோது வரிசையே ஒருமுறை மூச்சு விட்டது. “மழை பெஞ்சா மூணு இடத்துல ஒழுகும். முதல்ல பால்கனி இடது மூலை. பத்து நிமிஷம் கழிச்சு நடுவுல. மூணாவது எங்கேன்னா, என் தலையில. போல்ட்டெல்லாம் துரு. வாஷர் ஒண்ணுகூட உயிரோட இல்ல.”

பல்புக்கடையம்மா: “வெளிய போற வழின்னு எழுதின விளக்கு, சண்டை வந்தா மினுக்கும். கல்யாணம் வந்தா அணையும். ஒயரிங்கைத் தொட எலிகூடப் பயப்படும்.”

பாத்திரக்கடைக்காரர் இதற்காகவே காத்திருந்தவர். “எனக்கு ஒன்பது இருக்கு, எழுதிக்குங்க. ஒண்ணு, கதாநாயகன் இங்க பேசினா பின்சுவத்துல இருந்து இன்னொரு தடவை பேசுவான். ரெண்டு, தண்ணிக் குழாய். மூணு, பால்கனி கைப்பிடி ஆடும். நாலு…”

ஒன்பதையும் சொல்லி முடித்துத் திருப்தியோடு உட்கார்ந்தார். பக்கத்தில் இருந்தவர் அவர் தோளைத் தட்டினார். நன்றாகப் பேசினோம் என்ற நிறைவு அரங்கம் முழுக்கப் பரவியிருந்தது.

அதிகாரி பேனாவை மூடினார். “மொத்தம் இருபத்து மூணு குறை. நல்லதுன்னு ஒண்ணும் இல்ல. காப்பாத்தணும்னு மனு குடுத்தது நீங்கதானே? நீங்க சொன்னதை வெச்சு நான் எழுதணும்னா, இது மனுஷங்க உட்கார லாயக்கில்லாத கட்டடம், உடனே மூடணும்னுதான் எழுதணும்.”

அப்போதுதான் தெருவுக்கு உறைத்தது. மெத்தைக்கடைக்காரர் வாயைப் பொத்திக்கொண்டார். பாத்திரக்கடைக்காரர் ஒன்பதில் பாதியைத் திரும்ப வாங்கிக்கொள்ள முடியுமா என்று கேட்டார்.

தம்பி அக்காவைப் பார்த்தார். “கேட்டியா? போதுமா?” என்று மட்டும் சொன்னார். முட்டியைப் பிடித்துக்கொண்டு பக்கவாட்டுக் கதவு வழியாக வெளியேறி மாடிப்படிக்குப் போய்விட்டார். ஒவ்வொரு படியும் கேட்டது.

அக்கா மேடையிலிருந்து இறங்கி அதிகாரிக்குப் பக்கத்து இருக்கையில் உட்கார்ந்தார்.

“அம்மா, நீங்க வெளியூரு. இவங்க பேச்சு உங்களுக்குப் புரியாது. போன மாசம் கிடங்குக்காரர் வந்தார். சுத்திப் பாத்தார். ‘ஆகா, என்ன அழகு! என்ன வேலைப்பாடு! இந்தக் காலத்துல யார் கட்டுவா?’ன்னு வாய் வலிக்கச் சொன்னார். ஏன்னா அவருக்குக் கட்டடம் வேண்டாம். மண்ணுதான் வேணும். இந்தத் தெருவுல வேண்டாத சரக்கைத்தான் நல்லாயிருக்கும்பாங்க. நல்லாயிருக்குன்னு சொல்லிட்டு நடையைக் கட்டுவாங்க. உட்கார்ந்து குறை சொல்றவங்க வாங்காம எழுந்திருக்க மாட்டாங்க. ஏழாவது வரிசை ஓரத்துல எப்படிச் சாயணும்னு இவருக்கு எப்படித் தெரியும்? இருபது வருஷமா அதுலதான் உட்கார்றார். வேற சீட்டு காலியா இருந்தாலும் மாறமாட்டார்.”

“வேற சீட்டு எனக்கு ஒத்துக்காது” என்றார் மெத்தைக்கடைக்காரர் தரையைப் பார்த்துக்கொண்டே.

அதிகாரி கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். சிரிப்பை மறைக்க அது ஒரு வழி. “நீங்க சொல்றது புரியுதும்மா. ஆனா அதை எழுத இதுல இடம் இல்ல. இதுல இருக்கறது ரெண்டே கட்டம். ‘குறை.’ அது நிரம்பிடுச்சு. பக்கத்துல, ‘சரிசெய்யப் பொறுப்பேற்பவர்.’ அது காலியா இருக்கு. மூணு வாரம் கழிச்சு வருவேன். குறை போயிருந்தா பட்டியல்ல ஏத்தறேன். இருந்தா, மூடச் சொல்லி எழுதறேன்.”

“காலியா ஏன் இருக்கணும்? குறை சொன்னவங்க பேரையே நேர் எதிர்ல எழுதிடுங்க” என்றார் அக்கா.

பாத்திரக்கடைக்காரர் தன் ஒன்பதை விரல்விட்டு எண்ணினார். “அக்கா, கடைசி ரெண்டு நான் சும்மா ஒரு வேகத்துல…”

“பேசினதைத்தான் எழுதறாங்க. வேகத்தை எழுதல.”

மறுநாள் காலையிலேயே வேலை ஆரம்பித்தது. இருக்கைகளைக் கழற்றி வெயிலில் போட்டார்கள். மெத்தைக்கடைக்காரர் தாமே கத்தரியோடு உட்கார்ந்து உறையைக் கிழித்தார். ஸ்பிரிங்குகளைக் கட்டி, மேலே புது நாரைப் பரப்பி, வாயில் நாலு ஆணியை வைத்துக்கொண்டே கூலியாட்களைத் திட்டினார். எப்படித்தான் வார்த்தை வெளியே வந்ததோ. பல்புக்கடையம்மா சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, சுவரோடு ஒட்டிப்போன பழைய ஒயர்களைக் கோழிக்குடல் மாதிரி உருவினார். பாத்திரக்கடைக்காரர் பின்சுவரில் கனத்த துணியை நாலு மடிப்பாகத் தொங்கவிட்டு, மேடையில் ஏறி நின்று “யார்டா அங்க?” என்று கத்திப் பார்த்தார். முதல் நாள் பதில் வந்தது. மூன்றாம் நாள் நின்றது. அன்றைக்கு அவருக்குக் கொஞ்சம் தனிமையாகக்கூட இருந்தது.

தம்பி இறங்கி வரவில்லை. அறையில் படுத்துக்கொண்டு கூரையைப் பார்த்தார். “ரெண்டு நாள் கூத்து. அப்புறம் அவனவன் கடைக்குப் போயிடுவான்” என்றார் மனைவியிடம்.

நாலாம் நாள் காலை தலைக்கு மேலே தகரத்தில் யானை நடப்பது போலச் சத்தம் கேட்டது. ஒரு ஷீட்டு முனகியது. தம்பி எழுந்து உட்கார்ந்தார்.

“ஐயோ, நடு ஷீட்டுல நடக்கறான். உள்ள விழப்போறான்!”

முட்டியை மறந்து ஏணிக்குப் போனார். மேலே இரும்புக்கடைக்காரர், கையில் ஸ்பானர், முகமெல்லாம் துரு.

“போல்ட் இருக்கற வரிசையில காலை வை! அடியில மரம் இருக்கு!”

“அதை முன்னாடியே சொல்லக் கூடாதா, ஆபரேட்டரே? காலையில இருந்து உயிரைக் கையில பிடிச்சுக்கிட்டு நடக்கறேன்.”

“என்ன இது, ஷீட்டைக் காத்துக்கு எதிரா ஏத்தி வெச்சிருக்க? தண்ணி நேரா உள்ளதான் போகும். எடு, எடு” என்றார் மேலே ஏறிவந்த தம்பி.

இரண்டு பேரும் சேர்ந்து கழற்றினார்கள். துருப்பிடித்த போல்ட்டைத் தம்பி பிடிக்க, மற்றவர் திருகினார். புது போல்ட், புது ரப்பர் வாஷர், மேலே ஒரு பூச்சுத் தார். பதினோரு மணி வெயிலில் தகரம் தோசைக்கல்லாகிவிட, தண்ணீர்த் தொட்டி நிழலில் ஒதுங்கினார்கள்.

“இந்த வாஷர் உன் கடையில எவ்வளவு நாளா இருக்கு?” என்றார் தம்பி.

“எப்பவும் இருக்கும். சாக்கு சாக்கா.”

“நான் முப்பது வருஷமா சைக்கிள் டியூபை வெட்டி வெச்சுக்கிட்டிருக்கேன்.”

“தெரியும். மேல ஏறினதும் பார்த்தேன். வாங்க வந்திருக்கலாமே?”

“நீங்கதான் வாரா வாரம் வந்து என்னைக் கேவலப்படுத்தினீங்களே! ஒழுகுது ஒழுகுதுன்னு. எந்த முகத்தை வெச்சுக்கிட்டு உன் கடைக்கு வர்றது?”

இரும்புக்கடைக்காரர் ஸ்பானரைக் கீழே வைத்தார். நிஜமாகவே அதிர்ந்து போயிருந்தார். “கேவலப்படுத்தினேனா? நான் ஒழுகுதுன்னு சொன்னா, வாஷர் வேணுமான்னு கேக்கறேன்னு அர்த்தம். நீங்க ‘எவன்டா நீ சொல்றதுக்கு’ன்னு ஒரு சண்டைக்கு வருவீங்க, நான் ஒரு விலை சொல்வேன், நீங்க பாதிக்குக் கேப்பீங்கன்னு இருபது வருஷமா நிக்கறேன். நீங்க ‘சரி, சரி’ன்னுட்டு மேல போயிடுவீங்க. எவ்வளவு வருத்தமா இருக்கும் தெரியுமா?”

தம்பி அவரையே பார்த்தார். அப்பாவின் தியேட்டரில் பிறந்து, இருட்டு அறையில் இயந்திரத்தோடு வளர்ந்த மனிதர். கடை வீதியின் பேச்சு அவருக்கு வரவே இல்லை. கீழே வெயிலில் இருக்கைகளைச் சுற்றி ஒரு கூட்டம் உட்கார்ந்து ஊசியும் நூலுமாகக் கிடந்தது. முப்பது வருஷமாகத் தன்னந்தனியாகத் தூக்கிக்கொண்டிருப்பதாக நினைத்த ஒன்றுக்குக் கீழே இத்தனை கைகள்.

“வேற எங்கெல்லாம் ஒழுகும்னு சொன்ன?” என்றார், குரலைச் சரிசெய்துகொண்டு.

“என் தலையில.”

“வா, அதைப் பார்ப்போம்.”

அன்று மதியம் தம்பி மனைவி பெரிய சட்டியில் சோறு வடித்து, முட்டை பொரித்து, வேலை செய்கிற எல்லாருக்கும் போட்டாள். ஆசையால் அல்ல; கீழே பசியோடு ஆள் நிற்க மேலே சாப்பிட அவளுக்கு வராது. மெத்தைக்கடைக்காரர் உப்பு தூக்கல் என்றார். பல்புக்கடையம்மா முட்டை சின்னது என்றார். இரண்டு பேரும் மூன்றாம் தடவை போட்டுக்கொண்டார்கள். தேநீருக்காகப் பல்புக்கடையம்மா மாடி ஏறினார். ஜெனரேட்டர் ஓடியது. டம்ளர்கள் புறப்பட்டன. தம்பி மனைவி பார்க்காமலேயே கை நீட்டினாள்.

“என்னடி இது?”

“எப்பவும் இப்படித்தான்க்கா.”

“பட்டியல்ல இது இல்லையே!”

“யாரு இங்க ஏறி வந்தீங்க, எழுதறதுக்கு?”

பல்புக்கடையம்மா தேநீரைக் குடிக்காமலே இறங்கினார். சாயங்காலத்துக்குள் இரும்புக்கடையிலிருந்து நாலு தடித்த ரப்பர் கட்டை வந்தது. எட்டுப் பேர் சேர்ந்து ஜெனரேட்டரைத் தூக்க, அடியில் வைத்து இறுக்கினார்கள். பல்புக்கடையம்மா கீழேயிருந்து குரல் கொடுத்தார். “இப்ப பாருடி!”

தம்பி மனைவி மூன்று டம்ளரை மேடையில் வைத்தாள். கீழே ஓடுகிற சத்தம் கேட்டது. டம்ளர்கள் நின்ற இடத்தில் நின்றன. அவள் நீட்டிய கை அப்படியே அந்தரத்தில் இருந்தது. கொஞ்ச நேரம் கழித்து அதை எடுத்து, முந்தானையால் முகத்தை அழுத்தித் துடைத்துக்கொண்டாள்.

“என்ன, ஆடுதா?” என்று கீழேயிருந்து சத்தம்.

“சத்தம் இன்னும் கேக்குதுக்கா!” என்று கத்தினாள். அதுவரை அவளும் அந்தத் தெருவின் பேச்சைப் பேசியதில்லை.

மூன்று வாரம் கழித்து அதிகாரி வந்தது ஒரு கனமழை மதியத்தில். படம் ஓடிக்கொண்டிருந்தது. பால்கனி இடது மூலையில் போய் உட்கார்ந்தார். பத்து நிமிஷம், இருபது நிமிஷம். எதிரொலி இல்லை, மினுக்கல் இல்லை, தலையில் ஒரு சொட்டு இல்லை. இடைவேளையில் பட்டியலில் ஏற்றியதாகக் கையெழுத்துப் போட்டார். மிச்சப் படத்தையும் பார்த்துவிட்டுத்தான் எழுந்தார். கவுண்டரைத் தாண்டும்போது, “அக்கா, படம் ரொம்ப நீளம்” என்றார். அக்காவுக்கு அது போதும்.

ஆனால் கதை அங்கே முடியவில்லை. மறுநாள் காலை கிடங்குக்காரர் குடையோடு வந்தார்.

“இடிக்கக் கூடாது, அவ்வளவுதானே? வேண்டாம். சீட்டையெல்லாம் எடுத்துட்டு உள்ளேயே மூட்டை அடுக்கிக்கறேன். விலை அதே விலை. தம்பி ஏற்கெனவே ஒத்துக்கிட்டார்.”

அக்கா சில்லறை எண்ணுவதை நிறுத்தினார். கவுண்டர் கம்பியைப் பிடித்திருந்த விரல்கள் வெளுத்தன. பட்டியல் இடிப்பதை நிறுத்தும். தம்பி மனதை நிறுத்தாது. வாக்குக் கொடுத்தது பட்டியலை வைத்துத்தான். இருந்தாலும், அவன் பாதி அவனுடையது. அவன் முட்டி அவனுடையது. போகிறேன் என்றால் எதைச் சொல்லி நிறுத்துவது? எதிர்க் கடைகளில் எல்லாரும் ஏதோ அடுக்குவது போலப் பாவனை செய்தார்கள்.

தம்பி படியிறங்கி வந்தார். “கட்டடத்தைப் பார்த்தீங்களா, சார்? இப்ப எப்படி இருக்கு?”

“அருமையா இருக்கு! ஒரு குறை சொல்ல முடியாது.”

தம்பி சிரித்தார். அக்கா பல வருஷமாகக் காணாத சிரிப்பு. “அப்ப உங்களுக்கு இது வேண்டாம், சார்” என்று சொல்லி, அவர் குடையை எடுத்து மரியாதையாகக் கையில் கொடுத்தார்.

கிடங்குக்காரர் போனபின் தம்பி கவுண்டர் ஜன்னலுக்கு வந்தார். “அக்கா, அவங்களுக்கெல்லாம் ஒரு வார்த்தை சொல்லணுமே.”

“சொல்லு. எதிர்லதானே இருக்காங்க.”

“எப்படிச் சொல்றது? எனக்கு வராது.”

“கடைக்காரங்கிட்ட என்னடா சொல்லுவாங்க? போய் ஏதாவது வாங்கு.”

தம்பி சட்டையை மாற்றிக்கொண்டு, தலையை வாரிக்கொண்டு தெருவில் இறங்கினார். முதலில் பாத்திரக்கடை. கண்ணில் பட்ட பெரிய கெட்டிலை எடுத்தார். “இது என்ன விலை?”

ஒன்பது குறைகளை ஒற்றை ஆளாகச் சரிசெய்த மனிதர், காலமெல்லாம் பழகிய நாக்கால் யோசிக்காமல் இரண்டு மடங்கு சொன்னார்.

“சரி” என்றார் தம்பி. பணத்தை எடுத்தார்.

“என்ன சரி?”

“நீங்க சொன்னதே சரி.”

“அது எப்படிச் சரியாகும்? நான் சும்மா சொன்னேன். குறைச்சுக் கேளுங்க!”

“குறைக்கற மாதிரி இதுல ஒண்ணும் இல்ல. ரொம்ப நல்ல கெட்டில்.”

பாத்திரக்கடைக்காரர் முகம் மாறியது. தன் சரக்கை, தன் கடையில், தன் முகத்துக்கு நேரே ஒருவர் நன்றாக இருக்கிறது என்று சொல்லி அவர் கேட்டதில்லை. சுற்றிலும் பார்த்தார், உதவிக்கு யாராவது வருவார்களா என்று. “ஆபரேட்டரே, அப்படியெல்லாம் பேசாதீங்க. மூடியைப் பாருங்க, லூசா இருக்கு.”

“எனக்குத் தெரியல.”

“கைப்பிடி சுடும்.”

“துணி போட்டுப் பிடிச்சுக்கறேன்.”

“யோவ், கால் பங்கு குறைச்சுக்கறேன். இப்பவாவது ‘முடியாது’ன்னு சொல்லுங்க.”

தம்பி கெட்டிலை மார்போடு அணைத்துக்கொண்டு நின்றார். கண் கலங்கியிருந்தது. பாத்திரக்கடைக்காரர் அதைப் பார்த்துவிட்டார். பார்க்காத மாதிரி கல்லாவைத் திறந்தார், மூடினார். பிறகு தாமே வாங்குகிறவராகவும் விற்கிறவராகவும் நின்று, “பாதிக்குக் குடுப்பியா?” என்று ஒரு குரலில் கேட்டு, “கட்டாதுப்பா” என்று இன்னொரு குரலில் அலுத்து, கடைசியில் தன்னிடமே தோற்றுப்போய், அசலுக்கும் கீழே ஒரு விலையில் கெட்டிலைக் கட்டிக் கொடுத்தார்.

செய்தி தம்பிக்கு முன்னால் தெருவில் ஓடியது. ஆபரேட்டர் வருகிறார், சொன்ன விலைக்கு வாங்குகிறார், நல்லா இருக்கு என்று வேறு சொல்கிறார். மெத்தைக்கடைக்காரர் அவசரமாக ஷட்டரைப் பாதி இறக்கினார். பல்புக்கடையம்மா விளக்கையெல்லாம் அணைத்துவிட்டு உள்ளே போய் நின்றுகொண்டார். இரும்புக்கடைக்காரர் சாப்பாட்டுக்குப் போயிருக்கிறார் என்று இரும்புக்கடைக்காரரே உள்ளேயிருந்து குரல் கொடுத்தார். அந்தத் தெருவில் வாடிக்கையாளரைக் கண்டு கடை சாத்தியது அன்றுதான்.

தம்பி கெட்டிலைக் கீழே வைத்தார். நோகிற முட்டியை மெல்ல மடக்கிக் குனிந்து, மெத்தைக்கடையின் பாதி இறங்கிய ஷட்டருக்கு அடியில் தலையை நீட்டினார்.

“தலையணை இருக்கா, அண்ணே?” என்றார்.